கூலியும் தர்மமும்: குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பற்றி நாம் அறிய வேண்டியவை

 

ஒவ்வோர் ஆண்டும் பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் கல்வி உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு மனுக்கள் வருகின்றன. ‘தாயாரின் தொழில்’ என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரே பதில்தான் எழுதப்பட்டிருக்கும்: பீடி சுற்றுதல். ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் கடையில் வேலை, ஹோட்டலில் வேலை, லோடுமேன் என்று இருக்கும். வேலை இல்லாத குடும்பங்கள் அவற்றில் மிகவும் குறைவு. கணவனும் மனைவியும் உழைத்த பிறகும் பிள்ளையின் கட்டணத்துக்குக் கையேந்த வேண்டிய நிலையில் இருப்பவர்களே அதிகம். இவர்களுக்கு உதவித்தொகை கொடுப்பதோடு நமது கடமை முடிந்துவிடுகிறதா என்ற கேள்வி நீண்ட நாட்களாகவே நமது மனதில் இருந்தது.

சென்ற செயற்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் வேறொரு கேள்வி கேட்டார். “நம்ம மஹாலைக் கூட்டிப் பெருக்குற அம்மாவுக்கு அரசாங்கம் சொன்ன சம்பளத்தைக் கொடுக்கிறோமா?” கூட்டத்தில் யாருக்கும் பதில் தெரியவில்லை. மறுநாள் ஊதிய அரசாணையை வாங்கிப் பார்த்தோம். குறைவாகத்தான் கொடுத்து வந்திருக்கிறோம். இந்தக் கட்டுரை எழுதப்படுவதற்கு அதுதான் காரணம். அதன் பின் என்ன செய்தோம் என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

சட்டம் பிறந்த கதை

கூலிக்குக் கீழ்வரம்பு வைக்கும் சட்டம் முதன்முதலில் 1894-இல் நியூசிலாந்திலும், 1896-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்திலும் வந்தது. விக்டோரியாவில் அச்சட்டத்துக்குக் காரணமாக இருந்தவர்களில் வீட்டிலிருந்தபடியே துணி தைத்துக் கொடுத்த பெண்களும் உண்டு. துண்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, இரவெல்லாம் தைத்தும் வயிறு நிறையாத பெண்கள் அவர்கள்.

1909-இல் பிரிட்டன் இதே போன்ற சட்டம் கொண்டுவந்தது. அதன்படி, கிராட்லி ஹீத் என்ற ஊரில் வீட்டு முற்றத்துப் பட்டறைகளில் இரும்புச் சங்கிலி அடித்த பெண்களுக்குப் புதிய கூலி நிர்ணயிக்கப்பட்டது. அது பலருக்குப் பழைய கூலியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதலாளிகள் ஒரு தந்திரம் செய்தார்கள். ‘புதிய கூலி எங்களுக்கு இப்போது வேண்டாம்’ என்று எழுதிய காகிதத்தில் அந்தப் பெண்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். பலருக்கு அதில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாது. 1910-இல் மேரி மெக்கார்தர் என்ற தொழிற்சங்கத் தலைவியின் வழிகாட்டலில் அவர்கள் பத்து வாரம் வேலைநிறுத்தம் செய்து, சட்டம் சொன்ன கூலியைப் பெற்றார்கள்.

நமது நாட்டில் சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டே, 1948-இல், குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் முதல் பட்டியலிலேயே பீடித் தொழிலும் தோல் பதனிடும் தொழிலும் இடம்பெற்றிருந்தன. நமது சமுதாயத்தின் வியர்வை அதிகம் சிந்தும் இந்த இரண்டு தொழில்களும் அன்றே பாதுகாப்பு தேவைப்பட்டவையாக அடையாளம் காணப்பட்டிருந்தன. சங்கிலிப் பெண்களுக்கு நேர்ந்தது இங்கு நேரக் கூடாது என்பதற்கும் சட்டத்தில் வழி உண்டு. ‘குறைந்த கூலிக்குச் சம்மதிக்கிறேன்’ என்று யாரிடமும் எழுதி வாங்கினாலும் அந்தக் காகிதம் செல்லாது.

எவ்வளவு என்று எப்படி முடிவாகிறது?

1957-இல் டெல்லியில் கூடிய 15-ஆவது இந்திய தொழிலாளர் மாநாடு இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பத்தை மூன்று நபர்களின் நுகர்வாகக் கணக்கிட வேண்டும். வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, அடுப்பு விளக்கு முதலிய செலவுக்கு மொத்தத்தில் 20 சதவீதம். 1991-இல் உச்ச நீதிமன்றம் ரெப்டாகோஸ் பிரெட் வழக்கில், பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், முதுமை, திருமணம் போன்றவற்றுக்காக மேலும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்றது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்த அளவுகோலின்படி, ஒருவருடைய கூலியே அந்தக் குடும்பத்துக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். மனைவியின் சம்பாத்தியத்தையும் பிள்ளைகளின் சம்பாத்தியத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கக் கூடாது. நமது மனுக்களில் இரண்டு பேர் உழைத்தும் பள்ளிக் கட்டணம் கட்ட முடியவில்லை என்றால், நடைமுறை அந்த அளவுகோலுக்கு எவ்வளவு தூரம் கீழே இருக்கிறது என்று பாருங்கள்.

அடிப்படைக் கூலியை ஐந்து ஆண்டுகளுக்குள் ஒருமுறை திருத்த வேண்டும் என்பது விதி. இடைப்பட்ட காலத்தில் விலைவாசிக்கு ஏற்ப அகவிலைப்படி கூடும். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் புதிய அகவிலைப்படி நடைமுறைக்கு வருகிறது. ஆகவே சென்ற ஆண்டு சரியான கூலி கொடுத்த முதலாளியும், இந்த ஏப்ரலில் கூட்டிக் கொடுக்காவிட்டால், இப்போது குறைவாகத்தான் கொடுக்கிறார்.

கூலி கூடினால் வேலை போய்விடுமா?

நமது சகோதரர்களில் கடை வைத்திருப்பவர்கள் பலர். அவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது. “நாலு பேர் வேலை பார்க்கிற இடத்தில் சம்பளத்தைக் கூட்டினால் மூன்று பேரைத்தானே வைத்துக்கொள்ள முடியும்?” பொருளாதாரப் பாடப் புத்தகங்களும் நெடுங்காலம் இதையே சொல்லி வந்தன. தக்காளி விலை ஏறினால் வாங்குவது குறைவதுபோல, கூலி ஏறினால் ஆள் எடுப்பதும் குறையும் என்பது அவற்றின் வாதம்.

இதை நேரில் சோதித்துப் பார்க்க அமெரிக்காவில் ஒரு வாய்ப்பு கிடைத்தது. 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாகாணம் மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாகாணமான பென்சில்வேனியாவில் பழைய 4.25 டாலரே நீடித்தது. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்ற இரு பொருளியலாளர்கள், எல்லைக்கு இருபுறமும் இருந்த துரித உணவுக் கடைகளை உயர்வுக்கு முன்பும் பின்பும் கணக்கெடுத்தார்கள். கூலி உயர்ந்த நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. 1994-இல் வெளியான இந்த ஆய்வை மறுத்து வேறு அறிஞர்கள் எழுதினார்கள். விவாதம் இன்றுவரை தொடர்கிறது. ஆனாலும் ‘கூலி கூடினால் வேலை போயே தீரும்’ என்ற உறுதி அதன் பிறகு தளர்ந்துவிட்டது. 2021-இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. குரூகர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

தக்காளிக் கணக்கு ஏன் இங்கு பொருந்தவில்லை? தக்காளிச் சந்தையில் வாங்குபவர்கள் பலர். ஆனால் ஒரு தெருவில் இலையும் தூளும் கொடுத்து பீடி வாங்கும் கடை ஒன்றுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் போய் வேலை செய்ய முடியாத பெண்ணுக்கு அந்தக் கடைக்காரர் சொல்வதுதான் விலை. அவளுடைய உழைப்பு உண்மையில் என்ன பெறுமோ அதைவிடக் குறைவாகக் கொடுத்தும் அவரால் வேலை வாங்க முடியும். இப்படிப்பட்ட இடத்தில் சட்டம் கூலியை உயர்த்தினால், அவருடைய லாபத்தில் ஒரு பகுதி அவளுடைய கைக்கு வரும்; வேலை அப்படியே இருக்கும். கூலி அளவுக்கு மீறி உயர்ந்தால் வேலை குறையவும் கூடும். எந்த அளவு என்பதில்தான் அறிஞர்கள் வேறுபடுகிறார்கள்.

கண்ணூரில் நடந்தது

அமெரிக்க உதாரணத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது முழு உண்மையாகாது. நமக்கு நெருக்கமான பீடித் தொழிலிலேயே எதிர் உதாரணமும் உண்டு.

1966-இல் நாடாளுமன்றம் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. கேரள அரசு அதை 1968-இல் நடைமுறைக்குக் கொண்டுவர முனைந்தபோது, மங்களூரைச் சேர்ந்த பெரிய நிறுவனமான கணேஷ் பீடி, கண்ணூர்ப் பகுதியில் நடத்திவந்த வேலையை நிறுத்திவிட்டு வெளியேறியது. சுமார் 12,000 பேர் ஒரே நேரத்தில் வேலை இழந்தார்கள். பீடி சுற்றுவதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. இலையையும் தூளையும் லாரியில் ஏற்றி அடுத்த மாநிலத்தில் இறக்கினால் போதும்.

அந்தத் தொழிலாளர்கள் அரசின் உதவியோடு 1969 பிப்ரவரியில் கேரள தினேஷ் பீடி என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். சட்டம் சொன்ன கூலியும் விடுமுறையும் போனசும் கொடுத்தே அது வளர்ந்தது. ஒரு கட்டத்தில் அதன் தொழிலாளர் எண்ணிக்கை 40,000-ஐத் தாண்டியது. பிறகு பீடிக்குக் கிராக்கி குறைந்தபோது உணவுப் பொருள், குடை, ஆயத்த ஆடை என்று வேறு தொழில்களுக்கும் சென்றது.

இதிலிருந்து நாம் இரண்டு பாடங்கள் பெறலாம். முதலாவது, எடுத்துச் செல்லக்கூடிய வேலைக்கும் எடுத்துச் செல்ல முடியாத வேலைக்கும் வித்தியாசம் உண்டு. பீடி, தீப்பெட்டி, தையல் போன்ற வேலைகள் மலிவான கூலி தேடி எல்லை தாண்டும். நமது ஊர் ஜவுளிக் கடையோ பிரியாணி ஹோட்டலோ திருமண மஹாலோ கூலி கூடிவிட்டது என்று பக்கத்து மாநிலத்துக்குப் போக முடியாது. தெருவில் உள்ள எல்லாக் கடைகளும் ஒரே கூலியைக் கொடுத்தால், யாரும் யாரைவிடவும் மலிவாக விற்றுக் கெடுக்கவும் முடியாது. இரண்டாவது, எடுத்துச் செல்லக்கூடிய வேலைக்கு ஒரு மாநிலம் மட்டும் கூலி உயர்த்தினால் போதாது; நாடு முழுவதற்கும் உருப்படியான ஒரு கீழ்வரம்பு வேண்டும்.

அரசியல் எங்கே வருகிறது?

அந்தக் கீழ்வரம்பில்தான் அரசியல் இருக்கிறது. மத்திய அரசு 2017-இல் அறிவித்த தேசியக் கீழ்வரம்பு நாளொன்றுக்கு 176 ரூபாய். மாநிலங்கள் அதைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் அப்போது இல்லை. 2019-இல் அனூப் சத்பதி தலைமையிலான நிபுணர் குழு, 375 ரூபாயாவது வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை அறிக்கையோடு நின்றுவிட்டது. அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கு நாடு தழுவிய மணிக்கூலி 2009-இல் 7.25 டாலர் ஆனது. அதன் பிறகு அது உயரவில்லை. விலைவாசி ஏற ஏற, உயராத கூலி ஒவ்வோர் ஆண்டும் தானாகக் குறைகிறது. அதற்குச் சட்டத் திருத்தமோ வாக்கெடுப்போ தேவைப்படுவதில்லை.

2019-இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குள் அடங்கிவிட்டது. பழைய சட்டத்தின் கீழ் வெளிவந்த ஊதிய அரசாணைகள், புதிய சட்டத்துக்கு முரண்படாத வரை தொடர்ந்து செல்லும். புதிய சட்டத்தில் முக்கியமான மாற்றங்கள் மூன்று. பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும் என்றிருந்த நிலை மாறி, எல்லாத் தொழில்களிலும் வேலை செய்வோருக்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. மத்திய அரசு நிர்ணயிக்கும் கீழ்வரம்புக்குக் குறைவாக எந்த மாநிலமும் ஊதியம் வைக்க முடியாது. ஊதியம் பற்றி ஆலோசனை சொல்லும் வாரியங்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும்.

கீழ்வரம்பு எவ்வளவு என்பதைச் சட்டம் சொல்லவில்லை, அரசே நிர்ணயிக்கும். அதனால்தான் யார் பேசுகிறார்கள் என்பது முக்கியமாகிறது. ஊதியக் குழுக்களில் முதலாளிகள் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். முதலாளிகளுக்குச் சங்கமும் கணக்கரும் வக்கீலும் இருக்கிறார்கள். வீட்டுத் திண்ணையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் நமது சகோதரிகள் ஆயிரக்கணக்கில் இருந்தும், தனித்தனி வீடுகளில் இருக்கிறார்கள். அரசு நேரடியாக ஊதிய வரைவை வெளியிடும்போது, ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும் என்பது விதி. அந்த அவகாசம் நமது தெருக்களில் எவருக்கும் தெரியாமலேயே கழிந்துவிடுகிறது.

இரண்டு தீர்ப்புகளை மட்டும் நினைவில் வையுங்கள். 1961-இல், கேரள ஓட்டுத் தொழிற்சாலைகள் பற்றிய உன்னிச்சோயி வழக்கில், ‘கொடுக்க எனக்குச் சக்தியில்லை’ என்பது குறைந்தபட்ச ஊதியத்தை மறுக்கக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் பற்றிய வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்தை விடக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டம் தடுத்துள்ள கட்டாய உழைப்பாகும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தொழிலாளி சம்மதித்துத்தானே வந்தார் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பசியும் ஒரு கட்டாயம்தான் என்றது.

பீடிக் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி?

பீடிக்கு நாள் கூலி கிடையாது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே கணக்கு. கூலி எங்கே கரைகிறது என்பதை ஒரு எடுத்துக்காட்டால் பார்ப்போம். கணக்குக்காக ஆயிரத்துக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடையில் கொடுத்த இலையில் பாதி ஓட்டையும் முறிவுமாக இருக்கிறது. குறைந்த இலையைச் சொந்தக் காசில் 30 ரூபாய்க்கு வாங்குகிறார். கொடுத்த பீடியில் 50-ஐக் கழிவு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதில் 15 ரூபாய் போகிறது. கைக்கு வருவது 255. ஆயிரம் பீடி சுற்ற அவருக்கு ஒன்றரை நாள் ஆகிறது என்றால், ஒரு நாள் கூலி 170 ரூபாய்தான். ஏட்டில் 300 என்றே இருக்கும். அதிகாரி வந்து பார்த்தாலும் குறை தெரியாது.

ஆகவே நமது சகோதரிகள் ஒரு சிறிய நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தேதி, வாங்கிய இலையின் எடை, கொடுத்த பீடி, கழிவு என்று ஒதுக்கியது, வெளியில் வாங்கிய இலையின் விலை, கைக்கு வந்த தொகை ஆகியவற்றை அன்றன்றே எழுத வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் வீட்டில் படிக்கும் பிள்ளை எழுதட்டும். வருங்கால வைப்பு நிதிக்குப் பிடித்தம் செய்கிறார்கள் என்றால் அது உங்களுடைய சேமிப்பு. கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

குறைத்துக் கொடுக்கப்பட்ட கூலியைக் கேட்டு, தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் மனுச் செய்யலாம். பழைய சட்டத்தில் அதற்கு ஆறு மாத அவகாசமே இருந்தது. புதிய சட்டத்தில் மூன்று ஆண்டுகள். கூலி கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. பாக்கித் தொகையோடு, அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு

நமது அறக்கட்டளைக்கு வாரி வழங்கும் சகோதரர்களில் பலர் பத்துப் பேருக்கு, இருபது பேருக்கு வேலை கொடுப்பவர்கள். அவர்களுடைய உதவியால்தான் இந்த அறக்கட்டளை நடக்கிறது. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறோம். ரமலானில் கடைச் சிப்பந்திக்கு ஜகாத் பணமும் துணிமணியும் கொடுப்பது நமது ஊர் வழக்கம். அது நல்ல வழக்கம்தான். ஆனால் ஜகாத்தைக் கூலிக்கு ஈடாகக் கொடுக்க முடியாது என்பது மார்க்கம் படித்தவர்கள் எல்லோரும் அறிந்த சட்டம். கூலி, உழைத்தவரின் ஹக்கு. அதைக் குறைத்து வைத்துக்கொண்டு, அதில் ஒரு பகுதியைத் தர்மம் என்ற பெயரில் திருப்பிக் கொடுத்தால், வாங்குகிறவர் தலைகுனிந்து வாங்குகிறார். அதே பணத்தைக் கூலியாகக் கொடுத்திருந்தால் நிமிர்ந்து வாங்கியிருப்பார்.

சிறு கடை வைத்திருப்பவரின் கஷ்டமும் நமக்குத் தெரியும். ஒரேயடியாகக் கூட்ட முடியாது என்பவர்கள், முதலில் தமது தொழிலுக்கான அரசாணைத் தொகை எவ்வளவு, தாம் கொடுப்பது எவ்வளவு என்பதையாவது எழுதிப் பார்க்கட்டும். வித்தியாசம் எவ்வளவு என்று தெரியாமல் இருப்பதே பலருக்கு வசதியாக இருக்கிறது. நமக்கும் அப்படித்தான் இருந்தது.

மஹாலில் வேலை செய்யும் அம்மாவுக்கும், இரவுக் காவலருக்கும் இந்த மாதம் முதல் அரசாணைப்படி சம்பளம் கொடுக்கத் தீர்மானித்துவிட்டோம். கடந்த மூன்று ஆண்டுகளுக்கான பாக்கியையும் கணக்கிட்டு, மஹால் வருமானத்திலிருந்து நான்கு தவணைகளில் கொடுக்கிறோம். அதற்காக மஹால் வாடகை சற்றுக் கூடும்; திருமணம் வைத்திருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பாக்கிக் கணக்கைக் காட்டியபோது அந்த அம்மா முதலில் கேட்டது, “இதைத் திருப்பிக் கட்டணுமா?” என்பதுதான். கடன் கொடுக்கிறோம் என்று நினைத்துவிட்டார். அவருடைய பணத்தையே அவருக்குக் கொடுக்கிறோம் என்பதைப் புரியவைக்கச் சிறிது நேரம் ஆனது. எங்களுக்கு வெட்கமாகவும் இருந்தது.

அடுத்ததாக மதரஸா உஸ்தாதுகள், பள்ளிவாசல் முஅத்தின் ஆகியோரின் சம்பளத்தையும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கும்படி ஜமாஅத் நிர்வாகத்தைக் கேட்டிருக்கிறோம்.

ஊதிய அரசாணைகளின் நகல்கள் நமது அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. சனிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். கூலி வாங்குபவர்கள் நோட்டோடு வாருங்கள். கொடுப்பவர்கள் ஏட்டோடு வாருங்கள். இரு தரப்பையும் உட்காரவைத்துக் கணக்குப் பார்க்க இன்ஷா அல்லாஹ் நாம் தயாராக இருக்கிறோம்.

உழைத்தவரின் ஹக்கை உரிய நேரத்தில் குறைவின்றிக் கொடுப்பவர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்